தவணை நாள்

அம்மப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், றொசாந்தி துணிந்து வேலிக்கரைக்குப் போனாள். அடுத்த வளவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நடராசாவைக் கூப்பிட்டாள்.

நடராசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வரவுமில்லை, போகவுமில்லை.

அந்த மனிதரோடு இந்த வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வேலிக் கதியால் தடிகளை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அம்மப்பா நவரட்ணம் போட்ட வழக்கு, றொசாந்தியை விட மூத்தது.

ஆனால் இனி இங்கே இருக்கப்போவது அவளும் கைக்குழந்தையும்தான். புருசன் வெளிநாட்டில், கட்டாரில். ஆபத்து அந்தரத்துக்குக் குரல் கொடுக்க இந்த ஒரு வீடுதான் கிட்ட இருக்கிறது. சண்டை அம்மப்பாவோடு போய்த் தொலையட்டும்.

அம்மப்பா உழைத்த உழைப்பை இணுவில் ஊரே கதைக்கும். தீபாவளியன்றும் புல்லுப் பிடுங்குவார். காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு கொத்துவார். றொசாந்தியின் தாலி கட்டுக்கே கால்விரல் இடுக்கில் சேற்றோடுதான் வந்து நின்றார்.

அவர் தோட்டத்துக்குப் போகாத நாள் என்றால் வழக்குக்காகக் கோட்டுக்குப் போகிற தவணை நாள்தான். முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, விடியவே பஸ்ஸுக்குப் போய்விடுவார். பின்னேரம்தான் வருவார். பாவம், மனிசனை அலைக்கழிக்கிறானே என்று வீடு முழுக்க நடராசாவைத் திட்டும்.

வழக்கை விடப்போகிறோம், வேலி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், நிலத்தை நீங்களே வைத்திருங்கள் என்று றொசாந்தி சொல்லிமுடித்தாள்.

நடராசாவின் முகம் செத்துப்போனது.

அவசரப்படக் கூடாது என்றார். நிலம் என்றால் விளையாட்டில்லை என்றார். நியாயம் நவரட்ணத்தின் பக்கம்தான், தன்னுடைய சட்டத்தரணியே அப்படித்தான் சொல்கிறார் என்றார். எதிராளிக்காக இப்படி வாதாடுகிற மனிதரை அவள் கண்டதில்லை.

பிறகு வேலிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்குள்ளை நாங்கள் கதைக்கேலாது பிள்ளை. தவணை முடிஞ்சாப் பிறகுதான் நானும் நவரட்ணமும் நல்லூரடியிலை ஐஸ்கிறீம் குடிக்கிறனாங்கள்."

றொசாந்திக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கதியாலை நீங்கள் தள்ளித்தான் நட்டனீங்கள்," என்றாள். "கோட்டிலை சந்திப்பம்."