வலது கால், இடது கால்

மஸ்கட்டுக்கு வெளியே, பாலைவனம் கடலில் போய் முடிகிற கரைகளில் நடப்பதுதான் அமலதாஸின் வேலை. அவன் போட்டிருக்கும் உடுப்பு, அவன் உடம்பு உணர்வதையெல்லாம் எங்கோ வீட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் உடம்புக்கு அப்படியே அனுப்பிவிடும். சுடுமணல், உப்புக்காற்று, கணுக்காலில் மோதும் அலை. யார் பேசினாலும் அவன் காதில் ஒரே இயந்திரக் குரல்தான் கேட்கும்.

போன வாரம் இரண்டு பேர், தங்கள் இடது முழங்கால் வலித்ததாகப் புகார் செய்துவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

எல்லோரும் கரைக்கோடியில் இருக்கும் பாறைவரை போகச் சொல்வார்கள். இன்று வந்தவர் கொஞ்சதூரத்திலேயே நிறுத்திவிட்டார்.

“உக்காருங்க.”

அமலதாஸுக்குப் பகீரென்றது. “புகார் பண்ணிராதீங்க. ஆமை முட்டையிட்ட இடமெல்லாம் காட்டுறேன். நல்லா நடப்பேன்.”

“கால் சரியாப் போச்சுன்னுதான போன்ல தினமும் சொன்னிய?”

தூத்துக்குடியிலிருந்து அவன் மனைவி பிலோமி.

வந்த அழுகையை அப்படியே விழுங்கினான்.

“அழுதுருங்க,” என்றது இயந்திரக் குரல். “எனக்குத் தொண்ட வலிக்கி.”