குறை கண்டுபிடிக்க வந்தவள்

இந்தப் பனியனிலும் ஒன்றும் இல்லை.

அவள் அதை விசிறிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். குழந்தைகள் போடுகிற மஞ்சள் பனியன். கழுத்தைப் பார்த்தாள். கையை இழுத்தாள். உள்பக்கம் திருப்பினாள்.

ஒரு பிசிறுகூட இல்லை.

எரிச்சலாக வந்தது. திருப்பூரில் எத்தனையோ பேர் ஏனோதானோவென்று தைக்கிறார்கள். இந்த மனுஷன் மட்டும் ஏன் இப்படித் தைத்துத் தொலைக்க வேண்டும்?

குப்பணன் மேஜைக்கு அந்தப்பக்கம் நின்றார். இந்தச் சின்னத் தையல் கூடம் அவருடையது. அவள் வந்து உட்கார்ந்ததுமே மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பின்னால் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் சரி என்றால் இன்றே தூத்துக்குடிக்கு லாரி கிளம்பிவிடும்.

சரி என்று சொல்லக் கூடாது.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே அவள்தான் ஏஜென்ட். காலையில் அங்கிருந்து மேனேஜர் போன் செய்தான். வியாபாரம் படுத்துவிட்டதாம். சரக்கு வேண்டாமாம். வேண்டாம் என்று அவர்கள் வாயால் சொன்னால் நஷ்டம் அவர்களுக்கு. தையலில் குறை என்று அவள் சொன்னால் நஷ்டம் குப்பணனுக்கு.

ஏதாவது கண்டுபிடி என்றான். உன்னால் முடியாவிட்டால் வேறு ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கை அழுக்காகாது. அதற்குத்தான் இங்கே ஆள் வைத்திருக்கிறான்.

அவள் இதுவரை இல்லாத குறையைச் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தான் குப்பணன் வீட்டை அடமானம் வைத்து நூல் வாங்கினார்.

மிஷின்கள் ஓடவில்லை. தைக்கிற பெண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்திரம் தலைக்கேறியது. அவன் மேலா, தன் மேலா, தெரியவில்லை. பனியனின் தோள் தையலுக்குள் நகத்தை விட்டாள். நெம்பினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

நகம்தான் ஒடிந்தது.

நிமிர்ந்தபோது குப்பணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது பிரியாதுங்க மேடம். ரெட்டைத் தையல் போட்டிருக்குதுங்க."

குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை அவர் எடுத்தார். கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.