எந்தக் குவியலில்

கூடுவாஞ்சேரிக் குடியிருப்பின் வாசலில் நீலத் தார்ப்பாய் விரிந்து கிடக்கிறது. எந்த வீட்டில் எவ்வளவு பிளாஸ்டிக் சேருகிறது என்று சங்கத்தார் இன்று அளக்கிறார்கள். பையோடு தராசில் வைப்பார்கள் என்றுதான் சாவித்ரி நினைத்திருந்தாள். ஆனால் துர்கா டீச்சர் ஒவ்வொரு பையையும் கொட்டி, பால் கவர் தனி, டப்பா தனி என்று பிரிக்கிறாள். சாவித்ரி வீட்டுப் பை கவிழ்கிறது. ஈரக் கவர்கள் வெயிலில் மின்னுகின்றன. ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய சிப்ஸ் கவரை டீச்சர் பிரிக்க, சாவித்ரியின் விரல்கள் முந்தானையை முறுக்குகின்றன. உள்ளிருந்து மகள் ஸஹானாவின் வலிப்பு மாத்திரை அட்டைகள் சலசலத்து விழுகின்றன. டீச்சர் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறாள். "ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் அலுமினியம். இதை எதுல சேர்க்கறது?" "எதுலயாவது போடுங்களேன்" என்று சாவித்ரி அதை வாங்கக் கை நீட்டுகிறாள். அட்டை கைமாறிக் கைமாறிப் போகிறது. யாரும் மருந்தின் பெயரைப் படிக்கவில்லை. கடைசியில் அது எதிர் பிளாக் வைதேகியிடம் வருகிறது. போன வெள்ளிக்கிழமைதான் ஸஹானாவைத் தன் பிள்ளைக்குப் பேசிப் பூ வைத்துவிட்டுப் போனவர் அவர். "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே" என்றபடி, தலைமேல் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை வைதேகி மெல்லக் கண்ணுக்கு இறக்குகிறார்.