மாடி அறைக்கான சான்றிதழ்

மாடி அறையை வாடகைக்கு விட அவளுக்கு நகராட்சிச் சான்றிதழ் தேவைப்பட்டது. கணவர் இறந்த பின் எட்டு மாதமாக அந்த அறை பூட்டியே கிடந்தது.

ஆய்வாளர் கீழ்க்கூடத்தில் நாற்காலி மேல் ஏறி, புகை எச்சரிக்கை மணியின் பொத்தானில் விரல் வைத்தார்.

“கதவைச் சாத்தினாலும் அறைக்குள்ள சத்தம் கேக்கணும்மா. மேல யாரு இருக்கா?”

யாருமில்லை என்று அவள் சொல்வதற்குள் அழுத்திவிட்டார். மணி வீடெங்கும் அலறி ஓய்ந்தது.

“கேக்குது, கேக்குது. நான் என்ன செவிடா?” என்றது மாடியிலிருந்து கணவரின் குரல்.

ஆய்வாளர் சிரித்தபடி படிவத்தில் குறியிட்டார்.

“வீட்டுக்காரருக்கு மூக்கு மேல கோபம் போல. மேல ஜன்னலைப் பார்த்துட்டா முடிஞ்சுதும்மா, நாளைக்கே குடி வெச்சுக்கலாம்.”

அவள் படியை மறித்து நின்றாள்.

“எனக்குச் சரியாக் கேக்கல சார். இன்னொரு தடவை அழுத்துங்க.”