ஊருக்குள்ள திரும்பாத வண்டி

"புது வண்டி எப்படிய்யா இருக்கு?"

மேனேஜர் வெங்கடரமணன் கேட்டார். மதுரை ரிங் ரோட்டு லாரி ஷெட்டில் டிரைவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். கம்பெனி வாங்கியிருந்த இரண்டு புது டிரெய்லர்களையும் எல்லோரும் ஆளுக்கொரு ட்ரிப் ஓட்டிப் பார்த்தாயிற்று. டிரைவர்கள் நல்லா இருக்கு என்று சொன்னால் முதலாளி இன்னும் பத்து வாங்குவார். பழைய லாரிகளை மொத்தமாகத் தள்ளிவிடுவார்.

"ஸ்டீயரிங்க ஒத்த விரல்ல சுத்தலாம் சார்" என்றான் முத்துக்கருப்பன். "சீட்டு இருக்கே, எங்க மாமனார் வீட்டுல கூட எனக்கு இப்படி மெத்தை போட்டதில்ல."

"ஏசியப் போட்டா, மேலூர் வெயில் வேற யாருக்கோ அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான் பால்பாண்டி.

வெங்கடரமணன் சங்கிலியின் பக்கம் திரும்பினார். ஷெட்டிலேயே கைதேர்ந்த டிரைவர் அவன்தான்.

"நீ சொல்லுய்யா."

"வேணாம் சார்."

"ஏன்?"

"நீளம் சாஸ்தி. ஊருக்குள்ள திரும்பாது."

"தூத்துக்குடியில ஏத்தி மெட்ராஸ்ல இறக்கப் போற. நடுவுல ஊருக்குள்ள எதுக்குய்யா திரும்பணும்?"

சங்கிலி தலையைச் சொறிந்தான். "ஒரு அவசர ஆத்திரத்துக்கு…"

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடரமணன் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பால்பாண்டி மட்டும் பின்தங்கி நின்றான்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க சார். சங்கிலி அண்ணே மெட்ராஸ்லருந்து வாரப்பல்லாம் கொட்டாம்பட்டிகிட்ட லாரிய உள்ளார விடுறாரு. அரை மணி நேரத்துக்கு ஆளக் காணோம். கையில கேன் வேற."

வெங்கடரமணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்று டீசல், இல்லையென்றால் பொம்பளை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரம், சங்கிலி திரும்பி வர வேண்டிய நாளில், அவர் மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினார். கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். இரண்டாவது டீ முடிகிற நேரத்தில் சங்கிலியின் பழைய லாரி வந்தது. இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்கு மரியாதையாக மண் ரோட்டில் இறங்கியது.

அவர் பின்னாலேயே நடந்தார்.

லாரி ஊர் முனையில் நின்றது. சங்கிலி கேனைத் தூக்கிக்கொண்டு ஓர் ஓட்டு வீட்டுக்குள் போனான்.

"வாங்கண்ணே" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

இரண்டும்தான் என்று முடிவுகட்டி, வெங்கடரமணன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

சங்கிலி கேனைக் கவிழ்த்து அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கட்டிலில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். முகம் பூராவும் தாடி. போர்வைக்கு வெளியே இரண்டு சூம்பிய கால்கள். பக்கத்தில் நின்ற பெண் வெங்கடரமணனைப் பார்த்ததும் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

கட்டிலில் கிடந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வாங்க மேனேஜர் சார்."

இவனுக்கு நம்மை எப்படித் தெரியும் என்று வெங்கடரமணனுக்கு ஒரு கணம் தோன்றியது. சங்கிலி சொல்லியிருப்பான்.

"அஞ்சு நிமிசம் சார். குளிப்பாட்டிட்டு வாரேன்" என்றான் சங்கிலி.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த ஆளை அப்படியே அள்ளித் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, முதுகில் பதமாகத் தண்ணீர் விட்டான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண்.

"படுத்தே கிடந்தா புண்ணு வச்சுருது சார். இவன் பொண்டாட்டி ஒத்தையில தூக்கி உக்கார வைக்க முடியல. நான் வாரப்ப ஒரு கை பிடிச்சா கொஞ்சம் ஆறுது. ஊர்ல தண்ணிப் பஞ்சம், அதான் கேனு. டிரெய்லர் இந்த மண் ரோட்டுல இறங்காது. மெயின் ரோட்டுல அம்புட்டு நேரம் நிறுத்திப் போடவும் விட மாட்டாங்க."

"உனக்குச் சொந்தமாய்யா?"

"இல்ல சார். பேரு மலையாண்டி. ஏழெட்டு வருசத்துக்கு முந்தி லாரியில கிளீனரா இருந்தான். லோடு மேல ஏறித் தார்ப்பாய் கட்டுறப்ப கீழ விழுந்துட்டான். அதுலருந்து இடுப்புக்குக் கீழ ஒண்ணும் விளங்கல."

வெங்கடரமணனுக்கு வெட்கமாகிவிட்டது. இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லய்யா? முதலாளிகிட்ட நான் பேசுறேன். உன் பழைய லாரி உனக்குத்தான். யாரும் தொட மாட்டாங்க."

"சரி சார்."

அதோடு அவருக்கு மனசு ஆறவில்லை. சங்கிலி மேல் வைத்திருந்த கோபம் போக இடமில்லாமல் நின்றது.

"இவன வேலைக்கு வச்சிருந்தவன் எவன்யா? இம்புட்டு ஆகியும் ஒரு எட்டு வந்து பாத்தானுங்களா? மனுசனுங்கதானா அவனுங்க? சும்மாவா விட்டீங்க? இவன் சம்சாரம் கோர்ட்டுல ஒரு கேஸ் போட்டிருக்க வேணாமா?"

சங்கிலி நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டால் மலையாண்டியின் முதுகை ஒற்றி எடுத்தபடியே சொன்னான்.

"போட்டுச்சு சார். நீங்கதான் கூண்டுல ஏறி, 'இவன் எங்க கிளீனரே இல்ல, வழியில கைகாட்டி ஏறுனவன்'னு சொல்லிட்டீங்க."