லாய்டின் உபசாரம்

“இஞ்சினே இல்லாத விமானத்துல ஏறப் போறியா?” என்று மனைவியிடம் கேட்ட நாளிலிருந்து லாய்ட் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் நெய் தோசை, இரவில் பாதாம் பால். இன்று சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து வந்ததும் வஞ்சிரம் வறுவல்.

“போதுங்க, வயித்துல இடமில்ல” என்றாள் ஜூலியட்.

“சாப்பிடு. வளர்ற புள்ள.”

“ரிட்டயர் ஆகப்போற டீச்சர் எங்க வளர்றது?”

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டை வைத்தார். ஜூலியட் கையை எடுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு எனக்கு ரயில். கிளைடர் ஓட்டணும்னு எத்தனை வருஷ ஆசைன்னு உங்களுக்குத் தெரியும். இப்படி ஊட்டி ஊட்டி என்னை வீட்லயே நிறுத்திடலாம்னு பாக்குறீங்களா? போகாதேன்னு நேராவே சொல்லுங்களேன்.”

லாய்ட் மீன்முள்ளைத் தட்டோரமாக ஒதுக்கினார்.

“அந்தக் கிளைடர் கிளப்புக்குப் போன் பண்ணேன்” என்றார்.

“நெனச்சேன்! அவ வர மாட்டான்னு சொல்லிட்டீங்களா?”

“ஓட்டுறவங்க ரொம்ப லேசா இருந்தா விமானத்தோட மூக்கு தூக்கிக்குமாம். ஐம்பத்தஞ்சு கிலோவாவது வேணுமாம். நீ நாப்பத்தெட்டு.”

“அதுக்கு சீட்டுல ஈயக்கட்டி வெச்சுக் கட்டுவாங்களே!”

“கட்டுறவன் ஒருநாள் மறந்துட்டான்னா?”

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“அந்த எடைய உன் உடம்புலயே ஏத்தி அனுப்பிட்டா, எவனும் மறக்க முடியாதுல்ல?”