மடத்துக்குக் கொடுத்த முட்டை

"என் முட்டையை எல்லாம் திருப்பிக் கொடுங்க, சிஸ்டர்!"

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிஸ்டர் கொலெத் திடுக்கிட்டார். இந்தக் கன்னியர் மடத்துக்கு வருகிறவர்கள் ஜெபம்தான் கேட்பார்கள். கொடுத்த முட்டையைத் திருப்பிக் கேட்டவர் இதுவரை யாருமில்லை.

"அதெல்லாம் ஆம்லெட் ஆகிப் போச்சேம்மா..."

"என் பையன் தலையெழுத்தும் அப்படித்தான் ஆச்சு!" பிரீடா கையிலிருந்த கடிதத்தைக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள். "படிச்சுப் பாருங்க. மருத்துவக் கல்லூரியில இடம் இல்லையாம். வருந்துறாங்களாம்!"

கல்யாணத்தன்று மழை வரக் கூடாதென்றால் இந்த மடத்துக்கு முட்டை கொடுத்து ஜெபிக்கச் சொல்வது மழை ஓயாத அந்த அயர்லாந்து ஊரின் வழக்கம். பரீட்சைக்கும் அதேதான்.

"பெரியவ கல்யாணத்துக்கு ஒரே ஒரு கூடை கொடுத்தேன். எப்படி வெயில் அடிச்சுது! ஃபின்டனுக்கு வாராவாரம் கொண்டுவந்து கொட்டினேனே. அயர்லாந்துல மழையையே நிறுத்தத் தெரிஞ்ச உங்களுக்கு ஒரு சீட் வாங்கத் தெரியலையா?"

"தினமும் ஜெபிச்சோம்மா."

"அப்ப மேலே யாரும் காது கொடுக்கலையா? வாசல்ல மாட்ட 'டாக்டர் ஃபின்டன்'னு பித்தளைப் பலகைக்குக்கூட சொல்லி வச்சிருந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எந்த முகத்தோட போவேன்? எங்க வீட்டுக்காரர் 'விடு, வேற ஏதாவது படிக்கட்டும்'ங்கறார். அவருக்கென்ன, மாடு நல்லா இருந்தா போதும்!"

"தம்பிக்கு டாக்டராக ஆசைதானா?"

"ஆசை இல்லாம? கோழி அறுத்தா மயங்கி விழுவான். அதெல்லாம் போகப் போகப் பழகிடும்."

சிஸ்டர் கொஞ்ச நேரம் ஜெபமாலையை உருட்டினார்.

"உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. ஃபின்டனுக்கு இந்த சீட் கிடைக்கவே கூடாதுன்னும் ஒருத்தர் ஜெபிக்கச் சொன்னாங்க. வாத்து முட்டையோட வந்து."

பிரீடா எழுந்தே விட்டாள்.

"நினைச்சேன்! எதிர்வீட்டு நோரீன்! அவ பொண்ணுக்குப் போன வருஷம் கிடைக்கலை, அந்த வயித்தெரிச்சல்! ரோட்டுல பார்த்தா 'ஃபின்டனுக்கும் சேர்த்துதான் மெழுகுவர்த்தி ஏத்தினேன்'னு தேனொழுகப் பேசுவா. பச்சைப் பிள்ளை எதிர்காலத்துல மண் அள்ளிப் போட்டுட்டாளே! நீங்களும் வாங்கி வச்சுக்கிட்டீங்களே, சிஸ்டர்!"

"அபாண்டமா பேசாதீங்க. நோரீன் உண்மையாவே மெழுகுவர்த்திதான் ஏத்தினாங்க."

"பின்ன எந்தப் பாவி? பேரைச் சொல்லுங்க, இப்பவே போய்..."

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ஒரு பையன். மூக்கு மட்டும் அப்படியே உங்க மூக்கு."

பிரீடா மெதுவாக உட்கார்ந்தாள். கடிதம் மடியில் விழுந்தது.

"நீங்க உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியிலதான் அழுதான். 'இதை நீயே வீட்டுல சொல்லிடேன்ப்பா'ன்னு நானும் சொன்னேன்."

"அதுக்கு... என்ன சொன்னான்?"

"'எங்கம்மாகிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு பயமா இருக்கு சிஸ்டர். கடவுளுக்குத் தைரியம் இருந்தா அவரையே சொல்லிடச் சொல்லுங்க'ன்னான்."